அழித்தாலும் திரும்ப எரியும் செக் என்ஜின் லைட்: பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

லைட் எரிகிறது. பட்டறையில் ஸ்கேனர் போட்டு அழித்துத் தருகிறார்கள். நாலு நாளில் திரும்ப எரிகிறது. ஒரு சென்சாரை மாற்றுகிறார்கள், கொஞ்ச நாள் தாங்குகிறது, மறுபடி அதே மஞ்சள் விளக்கு. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பத்துப் பதினைந்து வருடப் பழைய கார் வைத்திருக்கும் பலர் இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு பணத்தை இறைப்பதைப் பார்க்கிறேன். பெரும்பாலும் வேலையின் வரிசைதான் தப்பாக இருக்கும். கடைசியில் செய்யவேண்டிய பாகம் மாற்றுவதை முதலில் செய்துவிடுகிறார்கள்.

கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். காசு செலவில்லாத சோதனைகள் முன்னால், செலவுள்ளவை பின்னால் வருமாறு அடுக்கியிருக்கிறேன்.

1. முதலில் லைட் எப்படி எரிகிறது என்று பாருங்கள்

சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள், ஸ்டார்ட் செய்ய வேண்டாம். செக் என்ஜின் லைட் எரியவேண்டும். ஸ்டார்ட் செய்ததும் அணையவேண்டும். சாவி போட்டும் அது எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது வண்டியை விற்றவர் கழற்றியிருக்கிறார். செகண்ட் ஹேண்டு கார் வாங்கும்போது இதை மறக்காமல் பாருங்கள்.

ஓடும்போது லைட் நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம். விட்டு விட்டு மின்னினால் ஓரங்கட்டி நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட் கன்வர்ட்டரைச் சூடேற்றுகிறது என்று பொருள். அப்படியே ஓட்டினால், பிளக்குக்கு மின்சாரம் தரும் ஒரு காயிலில் முடியவேண்டிய செலவு கன்வர்ட்டர் வரை போகும். நிறுத்தும் இடத்தில் வைக்கோல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். அறுவடைக் காலத்தில் நம் ரோடுகளில் அது சாதாரணம், சூடேறிய கன்வர்ட்டருக்கு அடியில் அது தீப்பிடிக்கும்.

ஆயில் லைட்டோ டெம்பரேச்சர் முள்ளோ சேர்ந்து எச்சரித்தால் இந்த வழிகாட்டி அதற்கல்ல. என்ஜினை உடனே அணைத்துவிடுங்கள்.

2. கையில் இருக்கவேண்டியவை

ஒரு ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்த கோளாறைப் படித்துக் காட்டும் கருவி), ஒரு மல்டிமீட்டர், ஒரு டார்ச், காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, ஒரு நோட்டு. அவ்வளவுதான்.

நம் நாட்டில் பிஎஸ்-4 புகை விதிகளின் கீழ் 2010 ஏப்ரலிலிருந்து ஓபிடி-1, 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கார்களுக்குக் கட்டாயமானது. ஆகவே 2013க்குப் பிந்தைய வண்டி என்றால் போனோடு இணையும் எளிய புளூடூத் ஸ்கேனரே போதும். சாக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 முனைகளோடு இருக்கும். 2010க்கு முந்தைய வண்டிகளில் சாக்கெட் அதே வடிவில் இருந்தாலும் பொது ஸ்கேனரோடு பேசாமல் போகலாம். அதற்கு அந்தக் கம்பெனி வண்டிகளுக்கான ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனிடம்தான் போகவேண்டும். மிக மலிவான புளூடூத் ஸ்கேனர்கள் சில, பழைய வண்டிகளின் கம்ப்யூட்டர் பேசும் கே-லைன் என்னும் முறையைப் படிக்காது. ஸ்கேனர் இணையவில்லை என்றதும் வண்டியின் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வேறொரு ஸ்கேனரைப் போட்டுப் பாருங்கள், சாக்கெட்டுக்குக் கரண்ட் தரும் ஃபியூஸையும் பாருங்கள்.

3. அழிக்கும் முன் எழுதுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்கேனர் காட்டும் கோடை (பி0135 போன்ற கோளாறு எண், code) பார்த்ததும் அழிக்கும் பட்டனைத் தட்டிவிடுகிறார்கள். அல்லது பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுகிறார்கள். லைட் போகும், அதோடு தடயமும் போகும்.

கோடு பதிவான நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதை கம்ப்யூட்டர் சேர்த்தே பதிந்து வைத்திருக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். வேகம், ஆர்பிஎம், கூலன்ட் சூடு, என்ஜின் லோடு, ஃப்யூயல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் சதவீதம்) எல்லாம் அதில் இருக்கும். அழித்தால் இதுவும் அழியும்.

நோட்டில் எழுதவேண்டியது: எல்லாக் கோடுகளும், அவை பதிவானவையா பென்டிங்கா (இன்னும் உறுதியாகாதவையா) என்பதும், ஃப்ரீஸ் ஃபிரேம் எண்கள் முழுவதும், கிலோமீட்டர், அன்று மழையா, வண்டியை வாட்டர் சர்வீஸ் விட்டீர்களா, எந்த பங்கில் பெட்ரோல் போட்டீர்கள். கடைசி மூன்றையும் அற்பம் என்று விட்டுவிடாதீர்கள். திரும்பத் திரும்ப வரும் கோளாறுக்கு ஒரு நேரமும் காரணமும் இருக்கும், அதைக் காட்டிக்கொடுப்பது இந்தக் குறிப்புகள்தான்.

4. கோடு என்ன சொல்கிறது, என்ன சொல்லாது

கோடு எந்தத் தெருவில் கோளாறு என்று சொல்லும், எந்த வீடு என்று சொல்லாது. பி0135 என்றால் முன் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட்டில் கோளாறு. அந்த சர்க்யூட்டில் சென்சார் இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது, நீளமான ஒயர் இருக்கிறது, ஒயரைச் சென்சாரோடு இணைக்கும் கப்ளர் இருக்கிறது. இதில் எது என்று கோடு சொல்லவில்லை. ‘ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு’ என்று அதைப் படிப்பவர் ஊகத்தில் சொல்கிறார்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து வந்த ஒரு காரில் இதே பி0135. சென்சார் ஏற்கனவே மாற்றியாயிற்று, புதுசுக்கும் அதே கோடு. கப்ளரைக் கழற்றி ஹீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓம் அளந்தால் சரியாகவே இருந்தது. ஹீட்டர் நன்றாக இருந்தால் சில ஓமிலிருந்து பத்துப் பதினைந்து ஓம் வரை காட்டும், அறுந்திருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. சாவி ஆன் செய்து வண்டிப் பக்கத்துக் கப்ளரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்த்தால் வரவில்லை. ஒயரைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனால், சைலன்சர் தகட்டின் ஓரத்தில் உரசி, மேல் ரப்பர் உருகி, உள்ளே செம்பு இரண்டு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்து ஒயரைத் தகட்டிலிருந்து தள்ளிக் கட்டியதும் லைட் நின்றது. முதலில் கழற்றிய பழைய சென்சாரும் நல்லதுதான்.

பல கோடுகள் ஒன்றாக வந்தால் எல்லாவற்றையும் தனித்தனியாகத் துரத்தவேண்டாம். பேட்டரி வோல்டேஜ் கோடு பி0562 இருந்தால் அதை முதலில் பாருங்கள். மிஸ்ஃபயர் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாதது) கோடும் கேட் கன்வர்ட்டர் கோடும் சேர்ந்திருந்தால் மிஸ்ஃபயர் முதலில். மூலத்தைச் சரிசெய்தால் கூட வந்தவை தானாகப் போய்விடும்.

இணையத்தில் அமெரிக்க வீடியோ பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே முதல் அறிவுரை பெட்ரோல் டேங்க் மூடியை இறுக்குங்கள் என்பது. அங்குள்ள கார்கள் டேங்கிலிருந்து ஆவி கசிகிறதா என்று தாமே சோதிக்கும். நம் பழைய கார்களில் பெரும்பாலும் அந்தச் சோதனையே கிடையாது. மூடியில் நேரத்தை வீணாக்கவேண்டாம்.

5. பேட்டரியும் எர்த்தும்

கோடு எதுவாக இருந்தாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். சென்சார்கள் வோல்டேஜில் பேசுகின்றன. அடிப்படை வோல்டேஜ் ஆடினால் நல்ல சென்சாரும் தப்பாகத்தான் பேசும்.

இரவு முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்கவேண்டும். ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. அப்புறம் எர்த் (பேட்டரி மைனஸை என்ஜினோடு இணைக்கும் கேபிள்) சோதனை: மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் கம்பத்திலும் மறு முனையை என்ஜின் பிளாக்கின் வெறும் இரும்பிலும் வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் நல்லது. 0.5ஐத் தாண்டினால் எர்த் கேபிளிலோ அது மாட்டியிருக்கும் போல்ட்டிலோ துரு இருக்கிறது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பார்வைக்குக் கேபிள் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகூர் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்று கேபிளின் ரப்பருக்குள்ளேயே ஏறி, உள்ளே செம்பு பச்சைப்பொடியாகிக் கிடக்கும். மீட்டர் மட்டும்தான் அதைச் சொல்லும்.

6. ஒயரும் கப்ளரும்

டெல்டாவில் திரும்பத் திரும்ப எரியும் லைட்டுக்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான். ஆகவே இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எலி. சம்பா, தாளடி அறுவடை முடிந்து வயல் காலியானதும், தை, மாசியில், எலிகள் வீட்டுப் பக்கம் வரும். சூடு ஆறாத என்ஜின் அதற்கு நல்ல இடம். பொனட்டைத் திறந்து பேட்டரித் தட்டுக்கு அடியில், ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் பின்னால், ஹெட்லைட்டுக்குப் பின்னால் டார்ச் அடியுங்கள். வைக்கோல் துண்டு, நெல் உமி, புழுக்கை தென்பட்டால் அந்த இடத்து ஒயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பாருங்கள். எலி எப்போதும் முழுதாகத் துண்டிப்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் கொறித்திருக்கும், வண்டியும் ஓடும், மழை ஈரம் பட்டால் மட்டும் கோடு வரும்.

ஏர் ஃபில்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். உள்ளே கூடு கட்டியிருப்பது அரிதல்ல.

அடுத்தது தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டியது, அல்லது வாட்டர் சர்வீஸில் என்ஜின் மேல் பிரஷரில் அடித்தது. கப்ளரின் ரப்பர் சீல் பழையதாகி இறுகியிருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கும். லைட் அன்றே எரியாது, முனை பச்சை பிடித்த பிறகு எரியும். வாட்டர் சர்வீஸ் செய்து சில வாரம் கழித்து வந்த கோளாறை யாரும் அதோடு சேர்த்து நினைப்பதில்லை.

கோடுகளை நோட்டில் எழுதியாயிற்று என்றால், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, கோடு காட்டும் சென்சாரின் கப்ளரைக் கழற்றுங்கள். லாக்கை அழுத்தித்தான் இழுக்கவேண்டும், ஒயரைப் பிடித்து இழுத்தால் முனை உள்ளேயே அறுந்துவிடும். உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். முனைகள் பளபளவென்று இருக்கவேண்டும். பச்சையோ வெள்ளையோ படிந்திருந்தால் காண்டாக்ட் கிளீனர் அடித்து, மென்மையான பிரஷ்ஷால் துடைத்து, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். ஒரு முனை மட்டும் உள்ளே தள்ளியிருந்தாலோ வாய் அகன்று தளர்ந்திருந்தாலோ அதுதான் உங்கள் கோளாறு.

பிறகு பேட்டரி மைனஸை மாட்டி, வண்டியை ஸ்டார்ட் செய்து, ஸ்கேனரில் அந்த சென்சாரின் லைவ் டேட்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒயர் கட்டை மெதுவாக அசையுங்கள். சுழலும் பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துண்டோ போகவேண்டாம். எந்த இடத்தை அசைக்கும்போது எண் குதிக்கிறதோ, அங்கே ஒயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது.

இரண்டு ஒயர் உள்ள டெம்பரேச்சர் சென்சார்களுக்கு ஒரு நல்ல சோதனை உண்டு. ஸ்கேனர் -40 டிகிரி காட்டினால் சர்க்யூட் திறந்து கிடக்கிறது. தஞ்சாவூர் வெயிலில் அது உண்மையான சூடாக இருக்கவே முடியாது. கப்ளரைக் கழற்றி, வண்டிப் பக்கத்து இரண்டு முனைகளையும் சிறு ஒயரால் இணையுங்கள். எண் சட்டென்று மிக அதிகமான சூட்டுக்குத் தாவினால் ஒயரிங்கும் கம்ப்யூட்டரும் நல்லவை, சென்சார்தான் போயிருக்கிறது. அசையாமல் -40லேயே நின்றால் ஒயரில் தேடுங்கள். மூன்று ஒயர் சென்சாரில் இதைச் செய்யக்கூடாது. அதில் 5 வோல்ட் லைன் ஒன்று இருக்கும், அதை ஷார்ட் செய்தால் மற்ற சென்சார்களும் சேர்ந்து படுத்துவிடும்.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றுவது இந்த ஈரக்காற்றுக்கு ஒரு மழைக்காலம் தாங்காது. சால்டர் செய்து ஹீட் ஷ்ரிங் குழாய் போடுங்கள். நாலு ஒயர் அறுந்திருந்தால் நாலு இணைப்பையும் ஒரே இடத்தில் வைக்காமல் முன்னும் பின்னுமாகத் தள்ளி வையுங்கள். என்ஜின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரின் ஒயர்கள் முறுக்கியே வந்திருந்தால் அந்த முறுக்கையும் அப்படியே காப்பாற்றுங்கள். சுற்றியுள்ள மின் இரைச்சல் சிக்னலில் ஏறாமல் தடுப்பது அதுதான்.

7. மிஸ்ஃபயர் கோடு: இடம் மாற்றிப் பாருங்கள்

பி0301 முதல் பி0304 வரை கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டர். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் இருக்கும் வண்டி என்றால், என்ஜினை அணைத்துவிட்டு இரண்டாவது காயிலை மூன்றாவதிலும் மூன்றாவதை இரண்டாவதிலும் மாட்டுங்கள். கோடை அழித்து ஓட்டுங்கள். பி0303 வந்தால் காயில் குற்றவாளி. பி0302 அப்படியே இருந்தால் அடுத்து பிளக்கை இதே மாதிரி மாற்றிப் பாருங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது என்று தெரியாமல் போகும்.

காயிலைத் தூக்கும்போதே பிளக் குழியைப் பாருங்கள். தண்ணீர் நின்றால் வாட்டர் சர்வீஸ் வேலை. ஆயில் நின்றால் வால்வ் கவர் கேஸ்கெட். இரண்டு இடமாற்றத்துக்கும் கோடு நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போகவேண்டும். அது பட்டறை வேலை.

8. பி0171: காற்று கூடுதலா, பெட்ரோல் குறைவா

பழைய பெட்ரோல் வண்டிகளில் அடிக்கடி வருவது இது. உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்கப் போகாதீர்கள். அது கோளாறைச் சொல்கிறது, பல வேளை சரியாகவே சொல்கிறது.

ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் இரண்டையும் பாருங்கள், ஷார்ட் (அந்த நொடியின் திருத்தம்), லாங் (நெடுநாள் திருத்தம்). இரண்டையும் கூட்டினால் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ஸ்லோ ஸ்பீடில், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல், பார்த்து எழுதுங்கள். பிறகு ஆக்சிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்துப் பாருங்கள்.

ஸ்லோவில் +22 சதவீதம், 2500ல் +5 என்றால் எங்கோ காற்றை இழுக்கிறது. ஸ்லோவில் என்ஜினுக்குள் போகும் மொத்தக் காற்றே கொஞ்சம்தான், அதனால் சிறு கசிவும் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே கசிவு மொத்தத்தில் கரைந்துவிடும். நேர்மாறாக, ஸ்லோவில் நன்றாக இருந்து வேகத்தில் ட்ரிம் ஏறினால் பெட்ரோல் போதவில்லை: ஃபில்டர் அடைப்பு, பம்ப் பலவீனம், அல்லது காற்று அளக்கும் சென்சார் அழுக்கு. நீங்கள் எழுதி வைத்த ஃப்ரீஸ் ஃபிரேமில் வேகம் 0, ஆர்பிஎம் 750 என்று இருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது.

கசிவைத் தேட, ஓடும் என்ஜினில் ரப்பர் ஹோஸ்கள், இன்டேக் மேனிஃபோல்டு இணைப்புகள் மேல் வெறும் தண்ணீரைச் சிறு ஸ்ப்ரேயில் அடியுங்கள். காயில் பக்கம் வேண்டாம். தண்ணீர் ஓட்டையை அடைத்த நொடி என்ஜின் சத்தம் மாறும். கார்ப் கிளீனர் அடிக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. சூடான சைலன்சர் பக்கத்தில் அது ஆபத்து, வீட்டில் செய்யாதீர்கள். ஹோஸ்களின் அடிப்பக்கத்தை வளைத்துப் பாருங்கள். மேலே முழுதாக இருக்கும், கீழே வெடித்திருக்கும்.

எத்தனால் விஷயமும் உண்டு. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அதே அளவு காற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாக பெட்ரோல் ஊற்றவேண்டியிருக்கும். ட்ரிம் சில சதவீதம் மேலேறி நிற்க அதுவே போதும். அதனால் மட்டும் லைட் எரிவது குறைவு. ஆனால் ஏற்கனவே சிறு கசிவோடு சமாளித்துக்கொண்டிருந்த பழைய வண்டி எல்லையைத் தாண்டிவிடும். பெட்ரோலைக் குறை சொல்வதை விட்டுக் கசிவைத் தேடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைக்கும் வண்டியில் டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்கில் ஈரம் சேரும், எத்தனால் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

ஏர் ஃபில்டரைப் பற்றி ஒன்று மட்டும்: கதிர் அடிக்கும் தூசிக்குள் தினமும் போய் வருகிற வண்டிக்கு, புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பார்க்காமல் அறுவடை முடிந்ததும் ஃபில்டரைப் பாருங்கள்.

9. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருக்கிறார்களா?

‘நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு’ என்று, என்ஜின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டை எடுத்துப் போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. இருபது நிமிடம் ஓட்டிய பிறகும் ஸ்கேனரில் கூலன்ட் சூடு 80ஐத் தொடவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள். என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் ஊற்றும். மைலேஜ் போகும், பிளக் கருக்கும், சில வண்டிகளில் கூலன்ட் போதிய சூடேறவில்லை என்னும் பி0128 வரும். புது தெர்மோஸ்டாட் போட்டு, போர்வெல் தண்ணீரை வடித்துவிட்டு, கூலன்ட் ஊற்றுங்கள். கடலோர ஊர்களின் உப்புத் தண்ணீர் ரேடியேட்டரையும் சென்சார் முனையையும் அரிக்கும்.

10. பி0420 வந்தால் அவசரப்படாதீர்கள்

இது கேட் கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்னும் கோடு. விலை அதிகமான பாகம், ஆகவே மற்றதெல்லாம் முடிந்த பிறகே இதற்கு வரவேண்டும். மிஸ்ஃபயர் இருக்கிறதா, ஆயில் குடிக்கிறதா, ட்ரிம் சரியா, பின் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சைலன்சரில் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தால் சென்சார் ஏமாறும்.

கன்வர்ட்டரை வெட்டி எடுத்து வெறும் குழாய் வைத்துத் தருகிறோம் என்பார்கள். லைட் போகாது, புகைச் சான்றிதழிலும் மாட்டுவீர்கள், ஊர்க் காற்றும் கெடும். வேண்டாம்.

11. டீசல் வண்டி என்றால்

பி0401 பெரும்பாலும், புகையில் ஒரு பகுதியைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் இஜிஆர் வால்வில் கரி. கடைத்தெருவுக்கும் வயலுக்கும் மட்டும் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் சேரும். கழற்றிச் சுத்தம் செய்தாலே போதும், அடைத்துவிடச் சொல்லாதீர்கள். பி0087 (டீசல் பிரஷர் குறைவு) என்றால் முதலில் டீசல் ஃபில்டரைப் பாருங்கள். அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருந்தால் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள், தண்ணீர் கீழே தனியாக நிற்கும். பம்புசெட்டுக்கு வைத்திருந்த கேன் டீசலைக் காருக்கு ஊற்றும் வீடுகளில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

12. அழித்துவிட்டு ஓட்டி உறுதி செய்வது

சரிசெய்த பிறகுதான் கோடை அழிக்கவேண்டும். அழித்ததும் கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முதலிலிருந்து நடத்தும். ஸ்கேனரில் ரெடினஸ் என்னும் பக்கத்தில் எவை முடிந்தன என்று தெரியும். அவை முடியாதவரை லைட் எரியவில்லை என்பதற்கு மதிப்பில்லை.

பல கோளாறுகளுக்கு இரண்டு ஓட்டங்களில் தொடர்ந்து தென்பட்டால்தான் லைட் எரியும். முதல் ஓட்டத்தில் பென்டிங்காக மட்டும் நிற்கும். ‘ரெண்டு நாள் நல்லா இருந்துச்சு’ என்பதன் காரணம் இதுதான். ஆகவே முதல் நாள் மாலையே பென்டிங் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இரவு முழுக்க ஆறிய வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஸ்லோவில் விடுங்கள். ஊருக்குள் நின்று நின்று போங்கள், கும்பகோணம் கடைத்தெரு இதற்கு நல்ல இடம். பிறகு தஞ்சாவூர்–திருச்சி நாலு வழிச்சாலை போன்ற இடத்தில் கால் மணி நேரம் 70, 80ல் சீராகப் பிடியுங்கள். நடுவில் ஒருமுறை ஆக்சிலேட்டரை முழுதாக விட்டு, கியரிலேயே வேகம் குறையவிடுங்கள். கோடு முன்பு எந்த நிலையில் வந்ததோ, அதாவது ஃப்ரீஸ் ஃபிரேம் சொன்ன வேகம், சூடு, அதே நிலையில் கட்டாயம் ஓட்டிப் பாருங்கள்.

நீங்கள் அழிக்காமலே விட்டாலும், கோளாறு தீர்ந்திருந்தால் பெரும்பாலான வண்டிகளில் மூன்று ஓட்டங்களுக்குப் பிறகு லைட் தானாக அணையும். கோடு மட்டும் கொஞ்ச காலம் நினைவில் இருக்கும்.

13. பட்டறையில் விடும்போது

இதுவரை பார்த்ததில் விடை கிடைக்கவில்லை என்றால் நோட்டோடு போங்கள். “லைட் எரியுதுண்ணே, பாருங்க” என்று சொன்னால் அவரும் கோடில் இருந்துதான் தொடங்குவார். “பி0171, ஸ்லோவில் ட்ரிம் +22, 2500ல் +5, தண்ணீர் அடிச்சுப் பார்த்தேன், மாற்றம் தெரியல, பேட்டரியும் எர்த்தும் சரியா இருக்கு” என்றால் புகை விட்டுக் கசிவு பார்க்கும் மெஷின் இருக்கும் இடத்துக்கே உங்களை அனுப்புவார்.

பாகம் மாற்றவேண்டும் என்று சொன்னால் எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மீட்டரை வைத்துக் காட்டுவார். கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி, அதன் மேல் உள்ள பார்ட் நம்பரைப் புதுசோடு ஒப்பிடுங்கள். வேறு மாடலின் ஆக்சிஜன் சென்சார் கப்ளரில் அழகாகப் பொருந்தினாலும் ஹீட்டரின் ஓம் வேறாக இருந்தால் பி0135 திரும்ப வரும்.